நாலடி

பிடித்து வந்த அன்று நல்ல மழை, ஐப்பசி.
கிராவல் ஏற்றிய டிப்பர், நடைச்சீட்டு இல்லை,
பத்துச் சக்கரத்திலும் மேலூர்ச் சேறு.
ஸ்டேஷனுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு
சாவியைத் தரும் முன் அவன் கேட்டது
என்ன செக்‌ஷன், எத்தனை நாள் என்றல்ல.
'மேடம், ஹேண்ட் பிரேக் போட வேணாம்.
டிரம் நனைஞ்சு கெடக்கு, கவ்விக்கிரும்.'

எஸ்.ஐ. சிரித்தார்:
'போடாம விட்டா உருண்டு போயி
ஜாமீன் கேக்குமோ?'

மச்சக்காளை பதில் சொல்லவில்லை.
மழைக்குள் போய் இரண்டு கல் தூக்கி வந்து
பின்சக்கரத்துக்கு முன்னால் ஒன்று,
பின்னால் ஒன்று.
மகஜர் எழுதியது நான்.
டயர் பத்து, ஸ்டெப்னி ஒன்று,
கிழிந்த தார்ப்பாய் ஒன்று.
கல்லை எழுதவில்லை.

நிபந்தனை ஜாமீன்.
தினம் காலை பத்து மணிக்குக் கையெழுத்து.
போட்டுவிட்டு நேரே வண்டிக்குப் போவான்,
குனிந்து அடியில் பார்ப்பான், வருவான்.

'காத்து இருந்தா விடும் மேடம்,
காத்து போனாத்தான் பிடிக்கும்.
நாம பிரேக் போடலேன்னாலும்
டேங்குல காத்து எறங்க எறங்க
ஸ்பிரிங்கு தானா நீண்டு
லைனிங்கைக் கொண்டுபோயி டிரம்முல ஒட்டிரும்.
அப்பறம் துரு வந்து தையல் போட்டுரும்.'

இருபத்தொரு வருஷ சர்வீஸில்
பிடிப்பதற்குத்தான் பலம் வேண்டும் என்று
நினைத்திருந்தேன்.

சேம்பருக்குப் பின்னால் ஒரு போல்ட் இருக்கிறதாம்,
அதை மாட்டி முறுக்கிவிட்டால்
ஸ்பிரிங் உள்ளே ஒடுங்கிக் கிடக்குமாம்,
வருஷம் ஆனாலும் ஒட்டாதாம்.
'கேஸ் பிராப்பர்ட்டில ஸ்பேனரா?
இன்னொரு கேஸ் போடவா?' என்றார் எஸ்.ஐ.

ஆனால் வெள்ளிக்கிழமை அவர் கோர்ட்டுக்குப் போவார்.
பத்தரைக்கு அலமாரி திறந்து
உறையிலிருந்து சாவி எடுப்பேன்.
இன்ஜின் உறுமும்.
இரண்டு முள்ளும் எட்டுக்கு ஏறும்வரை
ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் உட்கார்ந்திருப்பான்.
இறங்கி, டேங்க் அடியில் வளையத்தை இழுப்பான்;
சுக்குக்காப்பி நிறத்தில் தண்ணீர் துப்பும்.
பிறகு கல்லை நான் எடுக்க வேண்டும்.
புஸ்ஸென்று ஒரு மூச்சு,
நாலடி முன்னால், நாலடி பின்னால்.
கல்லை நானே வைக்க வேண்டும்.
சாவி உறைக்கு.

பக்கத்தில் நின்றவை:
மணல் மாட்டுவண்டி இரண்டு,
கதவில்லாத ஆம்னி,
வாதியும் பிரதிவாதியும் செத்துப்போன
ஓர் அம்பாசிடர், உள்ளே எருக்கு.
டிப்பருக்கு அடியில் மட்டும்
நாலடிக்குப் புல் இல்லை.

சித்திரையில் என்னை மதுரைக்கு அனுப்பினார்கள்,
பந்தோபஸ்து, ஆழ்வார்புரம் தடுப்புக்கட்டை.
போன இடத்தில் காய்ச்சல் வேறு.
மூன்று வெள்ளிக்கிழமை.
இங்கே இரண்டு கோடை மழை.
புதிதாக வந்த கான்ஸ்டபிளிடம்
அவன் சாவி கேட்டிருக்கிறான்.
அவர் ரூல்ஸ் சொல்லியிருக்கிறார்.
ரூல்ஸ்படி அவர் சொன்னது சரிதான்.

வைகாசியில் வண்டியை விடச் சொல்லி ஆர்டர் வந்தது.
வலப்பக்கம் உருண்டது.
இடது பின்சக்கரம் சுற்றவே இல்லை,
தரையைக் கீறிக்கொண்டு ஒரு முழம் வந்து நின்றது.
அவன் வண்டியை அலற விடவில்லை.
கொஞ்சம் பின்னால், கொஞ்சம் முன்னால்.
அப்புறம் சுத்தியலோடு அடியில் போனான்.
ஓங்கி அடிக்கவில்லை,
டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினான்,
காதை வைத்துக் கேட்டான், தட்டினான்.
தொத் தொத்தென்று இருந்த சத்தம்
நாலாவது சுற்றில் திடீரென்று வெண்கலம்.

வெளியே வந்தவன் புருவமெல்லாம் செந்தூள்.
'எங்க மேடம் ஆளைக் காணோம்?'
'அழகருக்கு டூட்டி.'
துண்டால் முகத்தைத் துடைத்தான்.
'அவரே வருசத்துக்கு ஒருக்கா
நகர்ந்துக்கிறாரு பாருங்க.'

போய்விட்டான்.
கல் இரண்டும் கிடக்கின்றன.
எந்தப் பதிவேட்டிலும் இல்லை
அந்த நாலடி, போனதும் வந்ததும்.
இன்று வெள்ளிக்கிழமை, பத்தரை.
அலமாரியைத் திறந்து
அம்பாசிடரின் உறையை எடுத்துப் பார்த்தேன்.
சாவி இருக்கிறது.
வண்டிக்குத்தான் சக்கரம் இல்லை.